சீக்குக்குச் சாதி இல்லை, வாசப்படிக்கு உண்டு

திருப்பூரில் தொழிற்சங்கக் கூட்டம் ஒன்றில் ஒரு தோழர் பேசினார். பனியன் மெஷினுக்குச் சாதி தெரியாது, ஓவர்லாக் ஊசி யார் கையில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் குத்தும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்து எழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் விடிந்தால் நான் குடியிருக்கிற வீட்டைக் காலி செய்ய வேண்டும். இன்னொரு வீடு கிடைக்கவில்லை. வீட்டில் என் புருசன் கையில் கட்டோடு படுத்திருக்கிறார்.

அந்தத் தோழர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் மெஷினைப் பற்றிச் சொன்னது மெய்தான். ஆனால் மெஷினுக்குள்ளே யாரும் குடியிருக்க முடியாது. எட்டு மணி நேரமோ, ஒன்றரை ஷிப்டோ முடிந்ததும் வெளியே வந்துதானே ஆகணும்? வந்ததும் எங்கே போவது என்பதைப் பற்றி எந்தச் சங்கமும் பேசவில்லை. அதைப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொமரலிங்கம். அமராவதி ஆத்தங்கரை. நெல்லும் கரும்பும் தென்னையுமாகப் பச்சைப்பசேல் என்று கிடக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் பார்த்து என்ன செழிப்பு என்பார்கள். அந்தச் செழிப்பில் பத்திரம் யார் பேரில், மண்வெட்டி யார் கையில் என்று பஸ் ஜன்னலில் தெரியாது. நாங்கள் அருந்ததியர். என் மாமனாரின் அப்பா கவலை இறைத்த காலத்தில் தோல் பறி தைத்தவர். அவர் தைத்த பறியில் ஏறின தண்ணிதான் தோட்டம் பூராவும் பாய்ந்தது. அதே கெணத்து மேட்டில் அவர் ஒரு வாய் தண்ணி அள்ளிக் குடிக்க முடியாது. யாராவது மேலிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம். இது கதையில்லை. என் மாமனார் கண்ணால் பார்த்தது.

என் வீட்டுக்காரர் தேங்காய் போடவும் உரிக்கவும் போவார். சீசனில் கரும்பு வெட்டுவார். ஒடம்பு வலிக்குது என்று வருசக்கணக்காகக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். 2022 ஆனி மாசம் கால் வீங்கியது. மொகம் வீங்கியது. சோறு கண்டால் வாந்தி. ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், ரெண்டு கிட்னியும் போச்சு, பிரசர் எத்தனை வருசமா இருந்துச்சு என்று கேட்டார்கள். பிரசர் பார்க்கிற மெஷினில் அவர் கையை வைத்ததே அன்றைக்குத்தான். அப்போது அவருக்கு வயசு 38.

வெயிலில் வேலை செய்கிற விவசாயக் கூலிகளுக்கு, சர்க்கரையும் இல்லாமல் பிரசரும் இல்லாமல் சிறுநீரகம் கெட்டுப் போவது உலகத்தில் பல இடங்களில் நடக்கிறது. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்கள், இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து நெல் விவசாயிகள், ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதி சனங்கள். காரணம் இன்னதென்று முடிவாகவில்லை. வெக்கையும் தண்ணி குடிக்காமல் வேலை செய்வதும் ஒரு காரணமாகலாம் என்கிறார்கள். என் புருசனுக்கு எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது. எந்தச் சனத்துக்கு வருகிறது என்று மட்டும் தெரிகிறது.

வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ் பண்ணணும் என்றார்கள். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு தடவை ஓட்ட சுமார் 120 லிட்டர் சுத்தம் செய்த தண்ணி வேணும். ஆனால் அந்த ஆள் ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்று சொன்ன தண்ணி முக்கால் லிட்டர். அதில் காப்பியும் ரசமும் சேர்த்தி. இளநீர் கூடவே கூடாது, பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்றுவிடும் என்றார்கள். வாழ்நாளெல்லாம் ஊராருக்கு இளநி வெட்டிக் கொடுத்த மனுசன் அவர்.

டயாலிசிசுக்குக் காசு இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கொடுக்கிறது. வருச வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தோம், கார்டு போட்டுக் கொடுத்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் அந்த ஆடியிலேயே நான் தாலி அறுத்திருப்பேன். ஆனால் பக்கத்து ஊர்களில் அந்த நேரம் மெஷின் காலியில்லை. திருப்பூரில்தான் கிடைத்தது. கொமரலிங்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறிப் போய், நாலு மணி நேரம் படுத்திருந்து, தலை சுத்தலோடு திரும்பி வருகிற ஒடம்பு அவருக்கு இல்லை. நானும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அதனால் ரெண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு திருப்பூர் போனோம். மெஷின் ஓசி. மெஷினுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது ஓசி இல்லை. காசு கொடுத்தாலும் கிடைக்கிறதும் இல்லை. அந்த ஒரு வருசத்தில் ஐந்து தடவை சாமான் ஏற்றினோம்.

முதல் வீடு ஒரு லைன் வீடு. பத்து ரூம், ரெண்டு கக்கூஸ். வாடகை 3,500, அட்வான்ஸ் 15,000. வீட்டுக்காரர் கேட்டார்.

"எந்த ஊருங்க?"

"கொமரலிங்கமுங்க."

"கொமரலிங்கத்துல எங்கீங்க?"

"ஆத்தோரமுங்க."

"கொலசாமி எதுங்க?"

இந்த மூன்று கேள்வியையும் திருப்பூரில் வீடு தேடின எங்கள் சனம் எல்லோருக்கும் தெரியும். சாதி என்ன என்று யாரும் கேட்பதில்லை. நாகரிகமானவர்கள். நான் ஒரு சாமி பேரைச் சொன்னேன். அது எங்கள் சாமி இல்லை. வீடு கிடைத்தது.

கொமரலிங்கம் என்று சொன்னாலே சில பேர் ஒரு நிமிசம் பார்ப்பார்கள். "உடுமலை பஸ் ஸ்டாண்டுல நடந்துச்சே, அந்தப் பையன் ஊரா?" என்பார்கள். ஆமாம், அந்த ஊர்தான். 2016 மார்ச் 13ந் தேதி, வேறு சாதிப் பெண்ணைக் கட்டினதற்காக, பட்டப்பகலில், சனம் நிறைந்த இடத்தில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர் எங்கள் ஊர்ப் பையன். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் பெண்ணின் அப்பாவை விடுதலை செய்தது, மற்ற ஐந்து பேர் தண்டனையை ஆயுளாக மாற்றியது. இதெல்லாம் பேப்பரில் வந்தது. பேப்பரில் வராதது ஒன்று உண்டு. வெட்டினவர்களைப் பற்றிக் கேட்கிற மாதிரி அந்த வீட்டுக்காரர்கள் கேட்பதில்லை. வெட்டுப்பட்டவனின் ஊர்க்காரி வீட்டு வாசலில் நிற்கிறாளே என்றுதான் பார்க்கிறார்கள். செத்தவன் ஊர்தான் அவர்களுக்கு வில்லங்கமான ஊர்.

அந்த வீட்டில் மூன்று மாசம் இருந்தோம். ஐப்பசியில் மாமனார் மகனைப் பார்க்க வந்தார். கையில் ரெண்டு தேங்காய், ஒரு பை அரிசி. காம்பவுண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சாமீ, எம் பையன் இங்கீங்களா குடியிருக்கறானுங்க சாமி" என்று வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் வீடு போச்சு.

நாலாம் நாள் வீட்டுக்காரம்மா வந்தது. "மவனுக்குக் கலியாணம் வெச்சிருக்குது அம்மிணி, ரூம் வேணும். தப்பா நெனச்சுக்காத" என்றது. அட்வான்சில் வெள்ளையடிக்க என்று 3,000 பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். மறுவாரமே அந்த ரூமில் வேறு குடும்பம் வந்துவிட்டது. மகன் கலியாணம் இன்னும் நடக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி நான் மாமனாரை வாயில் வந்தபடி பேசினேன். "எழுபது வயசாகியும் அந்த சாமியை உடமாட்டீங்களா மாமா? உங்க மவன் உசுரு பெருசா, அந்தச் சாமி பெருசா?" என்று கேட்டேன். கெழவர் ஒன்றும் சொல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். விடியக்காலம் முதல் பஸ்ஸுக்குச் சொல்லாமல் போய்விட்டார். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. அவர் வாயில் அந்த வார்த்தையை அடித்து ஏற்றினவனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டைப் பிடுங்கினவரிடம் "சரிங்க்கா" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கெழவரைத்தான் கேட்டேன். சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. அடிக்கிறவன் கலியாணச் சாக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வான். அடிபட்டவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கடித்துக்கொள்வோம்.

ரெண்டாவது வீட்டில் முதலிலேயே சாதியைச் சொல்லிவிட்டேன். "அதெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க" என்றது அந்தம்மா. பார்க்காததற்கு மாசம் 500 ரூபாய் கூட. கக்கூசை ஒட்டின கடைசி ரூம். நல்ல தண்ணி வருகிற அன்றைக்கு எல்லோரும் பிடித்து முடித்த பிறகு எங்கள் குடம். போகட்டும், சாதியை ஒளிக்க வேண்டியதில்லை என்று நெஞ்சு லேசாக இருந்தது. ஆனால் சீக்கை ஒளித்தேன். ரெண்டையும் சேர்த்துச் சொன்னால் எந்த வாசலும் திறக்காது என்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

இடது கையில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்து ஆபரேசன் பண்ணியிருந்தார்கள். அந்த இடம் புடைத்துக்கொண்டு, தொட்டால் கிர்ரென்று துடிக்கும். துடித்தால்தான் நல்லது. தினம் காலையில் நான் தொட்டுப் பார்ப்பேன். ஆவணி மாசத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்த ஆள், மார்கழியில் ஒருநாள் மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு ஊசி போட்ட இடத்தில் கட்டு நழுவி, நடையெல்லாம் ரத்தம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்டிருப்பார்கள், சட்டென்று நிற்காது. நான் கம்பெனியில். என் மகள், பத்து வயசு, தாவணித் துணியை வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். பத்து ரூமில் ஒரு ஆள் கிட்டே வரவில்லை. ரத்தத்துல வர்ற சீக்கு, எய்ட்ஸாத்தான் இருக்கும் என்று பேச்சு கிளம்பிவிட்டது. தை முடிந்ததும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சாதி பார்க்காத அந்தம்மா, போகும்போது சொன்னது: "உங்காளுங்க சுத்தபத்தமா இருந்தா ஏன் இப்பிடி வருது?"

சீக்குக்கு ஏது சாதி, ஆஸ்பத்திரி படுக்கையில் எல்லோரும் சமம் என்று எழுதுகிற எழுத்தாளர்கள் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லட்டும். சீக்குக்குச் சாதி இல்லை என்பது சரி. சீக்காளிக்கு உண்டு. அவருக்கு வந்திருந்தால் கஷ்டகாலம். எங்களுக்கு வந்தால் அது எங்கள் அழுக்கு.

1929ல் காந்தியின் யங் இந்தியாவில் கத்தியவாரிலிருந்து ஒரு பள்ளி வாத்தியார் எழுதின கடிதம் வந்தது. அவர் எங்களைப் போன்றவர். பிள்ளை பெற்ற பொண்டாட்டிக்குக் காய்ச்சல். டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்றார். பிள்ளைத்தாச்சியைச் சேரிக்கு வெளியே தூக்கி வரச் சொன்னார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்து, அவர் வாத்தியார் கையில் கொடுத்து, அவர் பொண்டாட்டிக்கு வைத்து, அதே வழியில் திரும்ப வாங்கிப் பார்த்தார். நிமோனியா என்றார். அந்தப் பெண் செத்துப் போனாள். அந்த டாக்டர் இன்றைக்கு இல்லை. என் புருசனுக்கு ஊசி போடுகிற நர்சம்மா கையைப் பிடித்துத்தான் போடுகிறது. இந்த மாற்றம் தானாக வரவில்லை, சண்டை போட்டு வாங்கினது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலோடு அந்த மாற்றம் நின்றுவிட்டது. நாலு மணி நேரம் தொட்டு வைத்தியம் பார்த்த ஒடம்பு, வெளியே வந்ததும் தீட்டாகிவிடுகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1917ல் வெளிநாட்டுப் படிப்போடு பரோடாவுக்கு வேலைக்குப் போனார். இந்து ஓட்டல்கள் சேர்க்காது. பார்சி சத்திரத்தில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினொன்றாம் நாள் தடியோடு வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி பண்ணு என்றார்கள். இரண்டு நண்பர்களைக் கேட்டார், இருவரும் இடம் கொடுக்கவில்லை. ஒரு பூங்காவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்களிலேயே படித்த தம்பிகள் சிலர், சாதியை மறைத்து வீடு எடுத்தவர்களைக் கோழை என்கிறார்கள். மழையில் பிள்ளையோடு நிற்கிறவள் பொய் சொன்னால் அது அவள் கோழைத்தனமில்லை. அவளைப் பொய் சொல்ல வைக்கிற ஊர்தான் கோழை ஊர்.

மூன்றாவதாக உடுமலையில் நாத்தனார் வீட்டில் ஒண்டினோம். அங்கிருந்து திருப்பூருக்குப் பஸ். ஒருநாள் பஸ் கிடைக்காமல் ஒரு டயாலிசிஸ் தப்பிப்போச்சு. ரெண்டாம் ராத்திரி நெஞ்சில் தண்ணி கோத்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்கு இழுத்தார். 108 வந்து தூக்கிக்கொண்டு போனது. ஒரு வீடு இல்லாததால் உயிர் போக இருந்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? கிட்னி கணக்கில் எழுதுவார்கள். வீடு மறுத்த கணக்கில் எழுத மாட்டார்கள்.

நாலாவதாக நொய்யல் பக்கம் ஓடைக்கரையில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே யாரும் ஊர் கேட்கவில்லை, கொலசாமி கேட்கவில்லை. ஏனென்றால் அங்கே இருந்தது பூராவும் நம்ம சனமும், வடக்கே பீகார், ஒடிசாவிலிருந்து வந்த கூலிச் சனமும்தான். நகரத்தில் சாதி கேட்காத ஒரே இடம் சேரி. போரில் வருவது உப்புத் தண்ணி. உப்பு ஆகாத சீக்காளிக்கு உப்புத் தண்ணி ஊர். ஆனியில் மழை பெய்து ஓடை ஏறினதும், பிள்ளைகளின் டி.சி.யை வாங்கிக்கொண்டு கொமரலிங்கத்துக்கே திரும்பிவிட்டோம். மாமனாரின் தொகுப்பு வீடு, ஒரே ரூம், கூரையில் கம்பி தெரிகிறது. கெழவர் கட்டிலை மகனுக்குக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் படுக்கிறார். என்னிடம் அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. முதல் பஸ்ஸில் போய் ராத்திரி திரும்புகிறோம். இன்றைக்கும் அப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் தோழரிடம் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தது. 1955ஆம் வருசத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் நாலாவது பிரிவில், எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமை காரணமாகத் தடுப்பது குற்றம் என்று எழுதியே இருக்கிறது. அது மட்டுமில்லை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்றால், தீண்டாமைதான் காரணம் என்று கோர்ட்டே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது எதிராளி பொறுப்பு என்று பன்னிரண்டாவது பிரிவு சொல்கிறது. அப்படியானால் மகன் கலியாணத்தைக் காட்டவேண்டியது அந்த வீட்டுக்காரர்தான். தண்டனை? ஒரு மாசம் முதல் ஆறு மாசம் ஜெயில், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். வெள்ளையடிக்க என்று எங்களிடம் பிடித்தது 3,000. தீண்டாமைக்கு அரசாங்கம் போட்ட விலை, ஒரு ரூமுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற விலைகூட இல்லை.

சீக்குக்கும் சட்டம் இருக்கிறது. 2017ல் வந்த எச்.ஐ.வி. சட்டம், அந்தக் கிருமி உள்ளவருக்கு வீடு வாடகைக்குத் தர மறுக்கக் கூடாது, பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. நல்ல சட்டம், அவர்கள் போராடி வாங்கினது. ரெண்டாவது வீட்டில் எங்கள்மேல் சொன்ன புரளி மெய்யாக இருந்திருந்தால், எங்களுக்கு ஒரு சட்டத்தின் துணை இருந்திருக்கும். கிட்னி போனவருக்கு அதுவும் இல்லை. 2016ஆம் வருசத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை எண்ணிச் சொல்கிறது. தலசீமியா, ஹீமோபிலியா எல்லாம் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு அதில் இல்லை.

ஆனால் எங்கள் கிட்னிக்கு மார்க்கெட் உண்டு. 2025ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடனில் கிடந்த விசைத்தறிக் கூலிகளிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கின செய்தி நாடெல்லாம் வந்தது. ஏழையின் கிட்னியை உள்ளே வைத்துத் தைக்கிறவர்கள், அது எந்தத் தெருவிலிருந்து வந்தது, கொலசாமி எது என்று கேட்பதில்லை. கிட்னி ஒடம்புக்குள்ளேயே குடியேறலாம். கிட்னிக்காரன் காம்பவுண்டுக்குள் குடியேறக் கூடாது.

கைதட்டு வாங்கின தோழருக்கு நான் சொல்வது இதுதான். பீஸ் ரேட்டுக்கும் பஞ்சப்படிக்கும் கோரிக்கை எழுதுகிற தாளில் இன்னும் மூன்று வரி எழுதுங்கள். திருப்பூரில் வாடகை வீடு மறுக்கப்பட்டால் சங்கம் போய் வாசலில் நிற்கும், 1955ஆம் வருசத்துச் சட்டத்தில் வழக்குக் கொடுக்கும் என்று எழுதுங்கள். டயாலிசிஸ் மெஷின் இருக்கிற ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலும், வாரம் ரெண்டு மூன்று தடவை வந்தாக வேண்டிய குடும்பங்களுக்கு அரசு குறைந்த வாடகையில் வீடு கட்ட வேண்டும் என்று எழுதுங்கள். நாள்பட்ட சிறுநீரக நோயை மாற்றுத்திறனாளிச் சட்டத்தில் சேர் என்று எழுதுங்கள். இது தலித் பிரச்சினை, தொழிலாளர் பிரச்சினை இல்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிற பாதிப்பேர் எங்கே படுத்து எழுந்து வருகிறார்கள் என்று ஒருநாள் பின்னாலேயே வந்து பாருங்கள்.

நான் மறுபடியும் திருப்பூரில் வீடு தேடப் போகிறேன். மகள் பெரிய பள்ளிக்கூடம் போகணும், அவருக்கு வாரம் மூன்று தடவை ஆக்கியிருக்கிறார்கள். இந்தத் தடவை மாமனாரையும் கூட்டிக்கொண்டு போவேன். அவர் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே கூப்பிடட்டும். எந்த ஊர் என்றால் கொமரலிங்கம் என்பேன். எங்கே என்றால் காலனி என்பேன். கொலசாமி கேட்டால் எங்கள் சாமி பேரைச் சொல்வேன். என்ன சீக்கு என்றால் கிட்னி என்பேன். இல்லை என்று சொல்கிறவர் என் மொகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். சொன்ன வீட்டின் கதவு நெம்பரை நான் குறித்து வைப்பேன்.